வாக்குச்சீட்டிலிருந்து அகன்ற பதவி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சாசனம் கல்வியைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. பள்ளிகளை நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களோ அப்பொறுப்பின் பெரும்பகுதியைப் பள்ளி மாவட்டம் எனப்படும் உள்ளூர் ஆட்சி அலகுகளிடம் விட்டிருக்கின்றன. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. வடகிழக்கில் அவை ஓர் ஊரின் அளவுக்குச் சுருங்கியும், தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கவுண்டி எனப்படும் நிர்வாகப் பிரிவின் எல்லையோடு ஒன்றியும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியம் ஒன்றும், ஆசிரியர் நியமனப் பரிந்துரை முதல் வரவு செலவுத் திட்டம், பேருந்துத் தடங்கள், மதிய உணவு, கட்டடப் பராமரிப்பு வரை அன்றாட நிர்வாகம் முழுவதையும் ஏற்று நடத்தும் கண்காணிப்பாளர் ஒருவரும் உண்டு. தமிழ்நாட்டின் முதன்மைக் கல்வி அலுவலரை இவருக்கு நிகரானவராகக் கொள்ள இயலாது. அவர் மாநில அரசின் துறையால் அமர்த்தப்பட்டு அத்துறையாலேயே இடமாற்றம் செய்யப்படுபவர், அமெரிக்கக் கண்காணிப்பாளரோ உள்ளூருக்குக் கடமைப்பட்டவர். அவரை அமர்த்தும் உரிமை வாரியத்துக்கு உரியதா, நேரடியாக வாக்காளருக்கு உரியதா என்பது நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கு விவாதிக்கப்படும் கேள்வி. மிகப் பெரும்பான்மையான மாநிலங்களில் வாரியமே நியமிக்கிறது. புளோரிடாவிலும் அலபாமாவிலும் மட்டும் இன்றும் பல கவுண்டிகளில் ஷெரீப் எனப்படும் காவல் தலைவரைப் போலவே பள்ளிக் கண்காணிப்பாளரும் வாக்குச்சீட்டில் இடம்பெறுகிறார்.

இப்பதவி தொடக்கத்தில் தேர்தலுக்குரியதாக அமைந்ததற்குக் காலச்சூழலே காரணம். 19ஆம் நூற்றாண்டில், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து அரசியலின் நீட்சியாக, கவுண்டி அளவில் அதிகாரம் செலுத்தும் எவரும் மக்களின் வாக்கைப் பெற்றே வர வேண்டும் என்ற எண்ணம் மாநிலச் சாசனங்களில் வேரூன்றியது. ஷெரீப், வரி வசூலிப்பவர், ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் கொரோனர் ஆகியோரின் வரிசையில் கண்காணிப்பாளரும் சேர்ந்தார். ஓரறைப் பள்ளிகளைச் சுற்றிப் பார்ப்பதும், ஆசிரியராக விரும்புவோரைத் தேர்வு செய்து சான்றிதழ் வழங்குவதும் அன்று அவருடைய முக்கியப் பணிகள். வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு இத்தேர்தல் பொதுவாழ்வின் முதல் வாயிலாயிற்று என்பது இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத செய்தி. 1869இல் அயோவா மாநிலத்தின் மிச்சல் கவுண்டியில் ஜூலியா அடிங்டன் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் ஒருவர் அப்பதவியை வகிக்கலாமா என்ற ஐயம் எழுந்தபோது மாநிலத் தலைமை வழக்கறிஞர் தடையில்லை என்று கருத்துரைத்தார். நாடு முழுவதும் பெண்கள் வாக்களிக்கும் உரிமை சாசனத்தில் இடம்பெற்றதோ 1920இல்தான். கென்டக்கியின் ரோவன் கவுண்டியில் 1901இல் தேர்தலில் வென்ற கோரா வில்சன் ஸ்டூவர்ட், பின்னர் 1911 செப்டம்பரில், எழுத்தறியாத பெரியவர்களுக்காக நிலவொளிப் பள்ளிகளைத் தொடங்கினார். மலைப்பாதைகளில் அச்சமின்றி நடந்துவர நிலவு துணைசெய்யும் இரவுகளில், பகலில் பிள்ளைகள் அமர்ந்த அதே அறைகளில், அப்பிள்ளைகளின் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் எழுத்துக் கற்றனர். நூற்றைம்பது பேர் வரக்கூடும் என எண்ணியிருந்த முதல் இரவில் ஆயிரத்து இருநூறு பேர் வந்தனர். அறிந்த மக்களால் அறிந்த ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும் முறை எத்தகைய தலைவரைத் தர முடியும் என்பதற்கு இது உயர்ந்த சான்று.

20ஆம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் எழுந்த நிர்வாகச் சீர்திருத்த இயக்கம் இம்முறையைத் தகுதியற்றதாகக் கண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி நிர்வாகத்தைப் பயிற்றுவித்த எல்வுட் கபர்லி அவ்வியக்கத்தின் முதன்மையான சிந்தனையாளர். 1916இல் வெளிவந்த அவருடைய பாடநூல் ஒரு தலைமுறை நிர்வாகிகளை உருவாக்கியது. பள்ளி நிர்வாகம் பயிற்சி பெற்ற ஒருவரின் தொழில் என்றும், சிறிய வாரியம் கொள்கை வகுப்பதோடு நின்று நடைமுறையை அத்தொழிலரிடம் விட்டுவிட வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இது தொழில் நிறுவனத்தின் இயக்குநர் குழுவையும் மேலாளரையும் முன்மாதிரியாகக் கொண்ட அமைப்பு என்பதை மறைக்கவும் இல்லை. கண்காணிப்பாளரை மக்கள் தேர்ந்தெடுத்துவந்த சான் பிரான்சிஸ்கோ நகரமும் 1920இல் நியமன முறைக்கு மாறியது. இந்த மாற்றத்தின் விலையை வரலாற்றாசிரியர்கள் பின்னர் கணக்கிட்டனர். ரேமண்ட் காலஹான் 1962இல் எழுதிய நூல், வணிகர்கள் நிறைந்த வாரியங்களின் தயவில் பதவி வகித்த கண்காணிப்பாளர்கள், கற்பித்தலின் அளவுகோல்களைக் கைவிட்டுச் செலவுக் குறைப்பின் அளவுகோல்களை ஏற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதை விரித்துரைத்தது. டேவிட் டயாக் 1974இல், அரசியலை அகற்றுவதாகச் சொன்ன சீர்திருத்தம் உண்மையில் ஒரு வர்க்கத்தின் அரசியலுக்குப் பதில் மற்றொரு வர்க்கத்தின் அரசியலை அமர்த்தியதைக் காட்டினார். பெண் கண்காணிப்பாளர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஜாக்கி பிளவுண்ட், தேர்தல் பதவிகள் நியமனப் பதவிகளாக மாறியதையும் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்களின் எண்ணிக்கை சரிந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகக் கொள்கிறார். 1909இல் சிகாகோவின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்ட எல்லா ஃபிளாக் யங் போன்றோர் விதிவிலக்குகளாகவே நின்றனர்.

எனினும் நியமனத்துக்கு ஆதரவான வாதங்கள் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. தேர்தலில் நிற்பவர் அக்கவுண்டியின் வாக்காளராக இருக்க வேண்டும். ஆதலால் சில ஆயிரம் குடும்பங்களே வாழும் ஏழைக் கவுண்டியில், கல்வி நிர்வாகம் பயின்று அதே மண்ணில் குடியிருந்து, பணத்தையும் அவப்பெயரையும் பொருட்படுத்தாமல் தேர்தலில் இறங்கத் துணிபவர் விரல்விட்டு எண்ணக் கூடியவரே. அத்தகைய இடங்களில் பள்ளி மாவட்டமே பெரும்பாலும் மிகப் பெரிய வேலை வழங்குநர். ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், சமையல் பணியாளர், காவலாளி, இவர்களின் குடும்பத்தார் என அனைவரும் வாக்காளர்களாயிருக்க, தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரின் வாக்கையே நம்பி நிற்கும் ஒருவர் திறமையற்ற தலைமையாசிரியரை மாற்றவோ, பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை மற்றொன்றோடு இணைக்கவோ துணிவது அரிது. எதிரணிக்கு உழைத்த ஆசிரியர் தேர்தலுக்குப் பின் தொலைவிலுள்ள பள்ளிக்கு மாற்றப்படுவாரோ என அஞ்சுவதும் இம்முறையோடு ஒட்டிப் பிறந்த நோய்.

ஆனால் அந்நோய் தேர்தலுக்கு மட்டும் உரியதா என்பதற்குக் கென்டக்கியின் வரலாறு விடை தருகிறது. அங்கே கவுண்டிக் கண்காணிப்பாளர்கள் 1920 முதலே வாரியங்களால் நியமிக்கப்பட்டுவந்தனர். ஆயினும் 1989இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி அமைப்பு முழுவதையுமே சாசனத்துக்கு முரணானது என அறிவித்து, அதன் விளைவாக 1990இல் பெரும் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, உறவினருக்கு வேலை தேடித்தரும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. பணியாளர் நியமனத்தில் வாரிய உறுப்பினர் தலையிடக் கூடாது என்றும், அம்மாவட்டத்தில் வேலை பார்க்கும் நெருங்கிய உறவினரை உடையவர் உறுப்பினராக இயலாது என்றும் விதிக்க வேண்டியிருந்தது. வாக்காளருக்கு வேலை வாங்கித்தரும் கண்காணிப்பாளருக்குப் பதிலாக, தன்னை நியமித்த வாரிய உறுப்பினரின் மைத்துனருக்கு வேலை தரும் கண்காணிப்பாளர் வந்திருந்தார் என்பதே எழுபதாண்டு அனுபவம். அண்டை மாநிலமான டென்னசி 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்காணிப்பாளர் தேர்தலை நிறுத்தி 2000க்குள் மாற்றத்தை முடித்தது. பழைய முறையை மீட்கக் கோரும் மசோதாக்கள் அதன் பிறகும் சட்டமன்றத்தில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன.

இதுவரை கூறியது நிர்வாகத் திறன் பற்றிய விவாதம். மிசிசிப்பியின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் இது வேறொரு கேள்வியைத் தன்னுள் கொண்டிருப்பது தெரியவருகிறது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறுவதற்கு முன், அம்மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் 6.7 விழுக்காட்டினரே வாக்காளர் பட்டியலில் இருந்தனர். இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 விழுக்காடாக உயர்ந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் கவுண்டிகளில், அவர்கள் வாக்கால் ஒரு கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள் அருகில் வந்துவிட்டது. அவ்வேளையில், 1966இல், மிசிசிப்பிச் சட்டமன்றம் பெயர் குறிப்பிட்ட 11 கவுண்டிகளுக்கு மட்டும் ஒரு திருத்தத்தை இயற்றியது: இனி அங்கே கண்காணிப்பாளர் தேர்ந்தெடுக்கப்படமாட்டார், வாரியத்தால் நியமிக்கப்படுவார். அதற்கு முன் அக்கவுண்டிகளுக்குத் தேர்தல், நியமனம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளும் உரிமை இருந்தது. சீர்திருத்தவாதிகள் அரை நூற்றாண்டாகக் கூறிவந்த அதே ஏற்பாடுதான் இது. சொற்களில் குறை காண ஏதுமில்லை. தொழில்திறனே நோக்கமாயின், எண்பதுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுள் 11 மட்டும் ஏன் என்ற கேள்விக்கே விடையில்லை.

வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தம் தேர்தல் நடைமுறையில் எந்த மாற்றம் செய்தாலும், அதை நடைமுறைப்படுத்துமுன் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன்னனுமதி பெற வேண்டும் என்று விதித்திருந்தது. மிசிசிப்பி அவ்வனுமதியைக் கேட்கவில்லை. அதை எதிர்த்த வழக்கு வேறு மூன்று வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்து, 1969 மார்ச் 3 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் முடிந்தது. ஆலன் வழக்கு என்ற பெயரில் அது அறியப்படுகிறது. முன்பு வாக்காளரின் ஒப்புதலுக்கு உட்பட்டிருந்த ஒரு முக்கிய அதிகாரியை இனி அவர்கள் தேர்ந்தெடுக்க இயலாது என்னும்போது குடிமகனின் வாக்கு வலிமை குறைகிறது. இம்மாற்றம் பாகுபாட்டு நோக்கத்தோடு செய்யப்பட்டிருக்கலாம், அந்நோக்கமின்றியும் செய்யப்பட்டிருக்கலாம். ஆய்ந்து பார்ப்பதற்கே ஐந்தாம் பிரிவு இருக்கிறது என்பதே தீர்ப்பின் சாரம். நீதிபதி ஜான் ஹார்லன் இப்பகுதியில் மாறுபட்டு, ஐந்தாம் பிரிவு வாக்காளர் பதிவும் வாக்களிப்பும் பற்றியதே அன்றி ஆட்சி அமைப்பின் வடிவம் பற்றியதன்று என்றார். இரண்டு நிலைகளுள் வாரனின் நிலையே சரியானது. வாக்களிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு வாக்களிக்கத் தக்க பதவிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், எஞ்சுவது பதிவேட்டில் ஒரு பெயர் மட்டுமே. அத்தீர்ப்பு நியமன முறையைத் தவறென்று கூறவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. நியமனம் நல்லதா தீயதா என்பதை அதன் வடிவத்தைக் கொண்டு அறிய முடியாது, எவரிடமிருந்து எந்த வேளையில் அந்த உரிமை எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே அறிய முடியும் என்ற உண்மையை அது சட்டத்தின் மொழியில் பதிவு செய்தது.

நிர்வாக அதிகாரிகளைத் தேர்தல் மூலமே அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்கச் சாசனத்தில் இல்லை. மிச்சிகனின் கென்ட் கவுண்டி வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்தியிருந்தது. ஆகவே விவாதம், கண்காணிப்பாளரை நியமிக்கும் வாரியம் எவருடையது என்ற கேள்விக்கு நகர்கிறது. ஜார்ஜியாவின் டாலியஃபெரோ கவுண்டி அங்கே ஒளி பாய்ச்சுகிறது. அம்மாநிலக் கவுண்டிகள் பலவற்றில் வாரியத்தைக் கிராண்ட் ஜூரி எனப்படும் குற்ற விசாரணைக் குழு தேர்ந்தெடுத்தது. அக்குழுவை நீதிபதி அமர்த்திய ஆணையர்கள் தெரிவு செய்தனர். வாரிய உறுப்பினராவதற்கோ நிலவுடைமை வேண்டும். டாலியஃபெரோவில் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்; வெள்ளைக் குழந்தைகள் பிற இடங்களுக்குச் சென்றுவிட்டதால் பொதுப் பள்ளிகளின் மாணவர் அனைவரும் கறுப்பினத்தவர்; வாரியத்தில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. 1970 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிலவுடைமை விதியை நீக்கியது. இத்தகைய வாரியம் கண்காணிப்பாளரை நியமித்தால், அந்நியமனத்தில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் குரல் எந்தப் படியிலும் ஒலிக்காது. 1992இல் ஜார்ஜியா வாக்காளர்கள் ஏற்ற சாசனத் திருத்தம் இரண்டு முனைகளையும் ஒருசேர மாற்றியது: வாரியங்கள் அனைத்தும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், கண்காணிப்பாளர்கள் அனைவரும் அவ்வாரியங்களால் நியமிக்கப்பட வேண்டும். உரிமை எடுக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே அது திரும்பக் கொடுக்கவும் பட்டது என்பதால், நியமனத்துக்கு மாறிய மாநிலங்களுள் ஜார்ஜியாவின் வழியே நேர்மையானது.

மிசிசிப்பி தன் மாற்றத்தை 2016இல் முழுமையாக்கியது. அதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவந்தனர். 2019 ஜனவரி முதல் அனைவரும் நியமிக்கப்படுவர் என்று சட்டம் வகுத்தது. 1966இன் திருத்தத்துக்கு இது நிகரன்று. 11 கவுண்டிகளைத் தனித்தெடுக்காமல் மாநிலம் முழுவதற்கும், வெள்ளையர் பெரும்பான்மையாயுள்ள மாவட்டங்களுக்கும் சேர்த்தே இயற்றப்பட்டது. ஆனாலும் 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கின் தீர்ப்பு முன்னனுமதி ஏற்பாட்டைச் செயலற்றதாக்கியிருந்ததால், இம்மாற்றம் எவ்விடத்தில் எவரைப் பாதிக்கும் என்ற ஆய்வு எதுவும் சட்டப்படி தேவைப்படவில்லை. நியமன முறையின் ஆதரவாளர்கள் அம்மாநிலத்தின் வாசிப்புத் திறன் உயர்ந்ததைச் சான்றாகக் காட்டக்கூடும். நான்காம் வகுப்பு மாணவரின் வாசிப்பில் மிசிசிப்பி 2019இல் தேசியச் சராசரியை எட்டியது உண்மை. 1984 முதல் நியமனப் பதவியாகிவிட்ட மாநிலக் கண்காணிப்பாளர் பொறுப்புக்கு 2013இல் வெளிமாநிலத்திலிருந்து வந்த கேரி ரைட்டின் பங்கு அதில் பெரிது என்பதும் உண்மை. ஆனால் அதே ஆண்டில் இயற்றப்பட்ட வாசிப்புச் சட்டமும், ஆசிரியர் பயிற்சியும், பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட வாசிப்புப் பயிற்றுநர்களும் தம் வேலையைச் செய்த ஆண்டுகளில், ஐம்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் தலைமையில் தேர்தலில் வென்றவர்களே இருந்தனர். உள்ளூர்த் தேர்தல் அந்த முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கவில்லை.

புளோரிடாவின் சாசனம் வேறு பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. தேர்தலே அங்கு அடிப்படை விதி. வாரியத்தின் தீர்மானத்தாலோ தனிச்சட்டத்தாலோ நியமன முறையை முன்மொழியலாம், ஆனால் அக்கவுண்டியின் வாக்காளர்கள் ஏற்றாலன்றி அது செல்லாது. மாநிலத்தின் 67 கவுண்டிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இன்றும் தேர்ந்தெடுக்கின்றன. மயாமி-டேட், பிராவர்டு போன்ற பெருநகரக் கவுண்டிகள் நியமிக்கின்றன. வடமேற்கிலுள்ள எஸ்காம்பியா 2018இல், மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில், தன் உரிமையை வாரியத்திடம் கைமாற்றியது. இரு முறைகளும் அருகருகே இயங்கும் இம்மாநிலத்தில், எவர் எவரை நீக்கலாம் என்ற கேள்விக்கு எதிர்பாராத விடை கிடைக்கிறது. தேர்தலில் வென்ற கண்காணிப்பாளரை வாரியம் நீக்க இயலாது, ஆனால் மாநில ஆளுநர் இடைநீக்கம் செய்யலாம். 2019 ஜனவரியில் ஒகலூசா கவுண்டியின் கண்காணிப்பாளர் அவ்வாறே இடைநீக்கம் செய்யப்பட்டார். அதே காலத்தில், 2018 பிப்ரவரி 14 அன்று பிராவர்டின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின், பிராவர்டு கண்காணிப்பாளரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அவர் நியமிக்கப்பட்டவர் என்பதால் ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை. மகளை அங்கே பறிகொடுத்த லோரி அல்ஹாடெஃப் அவ்வாண்டே வாரியத் தேர்தலில் நின்று வென்று, 2019 மார்ச்சில் நீக்கத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது 3க்கு 6 என்ற வாக்குகளில் தோற்றது. அவருடைய கோரிக்கை சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, துயருற்ற தாய் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டில் வாரிய மேசையில் அமர்ந்து, கண்காணிப்பாளரை எதிரே இருத்தி, பெயர் சொல்லி ஒரு வாக்கெடுப்பை நடத்தச் செய்ய முடிந்தது. நியமன முறையில் மக்களின் கட்டுப்பாடு எங்கே இருக்க முடியும், எவ்வளவு இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட, நீக்கும் வலிமை கொண்ட வாரியம் ஒன்று இருக்குமிடத்தில் கண்காணிப்பாளரை நியமிப்பதே பிள்ளைகளுக்கு நன்மை பயக்கும் முறை. வெளியிலிருந்து தகுதியானவரை அழைக்கவும், தவறியவரை நான்கு ஆண்டு காத்திராமல் அனுப்பவும் அது இடந்தருகிறது. ஆனால் அம்மாற்றத்தைச் செய்யும் உரிமை தலைநகரத்துச் சட்டமன்றத்துக்கு உரியதன்று, அந்தந்தக் கவுண்டியின் வாக்காளருக்கே உரியது. தாமே விரும்பிக் கைமாற்றிய உரிமையைத் திரும்பக் கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்கும். பறிக்கப்பட்ட உரிமைக்கு அவ்வழி இல்லை. அலபாமா வாக்காளர்கள் 2020 மார்ச்சில், மாநிலக் கல்வி வாரியத்தை ஆளுநர் நியமிக்கும் வாரியமாக மாற்ற முன்மொழிந்த திருத்தத்தை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் நிராகரித்தனர். அதைக் கல்விச் சீர்திருத்தத்துக்கு எதிரான பிடிவாதம் என்று கொள்வது அவர்களைத் தாழ்வாக மதிப்பதாகும். வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்தவர்களின் மாநிலம் அது.

மிசிசிப்பியில் இதன் மறுமுனையைக் காணலாம். கண்காணிப்பாளர் தேர்தலை நீக்கிய அதே 2016இல், தரத்தில் மிகத் தாழ்ந்த மாவட்டங்களை மாநிலமே எடுத்து நடத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. 2019இல் யாசூ நகரமும் ஹம்ஃப்ரீஸ் கவுண்டியும் அதன்கீழ் வந்தன. இரண்டிலும் மாணவரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அங்கே கண்காணிப்பாளரை நியமித்தது மாநிலக் கல்வி வாரியம். அவ்வாரியத்தின் உறுப்பினரை அமர்த்துவோர் ஆளுநரும், துணை ஆளுநரும், மாநிலப் பிரதிநிதிகள் அவையின் தலைவரும். தாழ்ந்த தரத்தைக் கண்டு வாளாவிருக்கலாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாநிலம் ஒரு மாவட்டத்தைக் கையில் எடுக்கும் அதே ஆணையில், அம்மாவட்டத்தின் பெற்றோர் தம் வாரியத்தை மீண்டும் தேர்ந்தெடுக்கும் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.